ஆம்பாத்

சென்ற வாரம் தோல் மருத்துவர் என் சீட்டில் அர்ட்டிகேரியா என்று எழுதினார். லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். லத்தீனில் காஞ்சொறிச் செடியின் பெயரிலிருந்து வந்ததாம். அம்மா இதைக் காணாக்கடி என்பாள்: கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது. வங்காளியில் ஆம்பாத். அந்தச் சொல்லை எட்டு வயதில் நான் ஒருமுறை மொழிபெயர்த்திருக்கிறேன்.

அப்போது கார்டன் ரீச்சில், துறைமுகக் குடியிருப்பில் இருந்தோம். சித்திரை மாதம். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தாலே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். மாங்காய் சாதம் மட்டும்தான் அவள் வயிற்றில் தங்கியது. மூன்று வேளையும் அதையே சாப்பிட்டாள். ஒருநாள் நானும் இரண்டு வாய் வாங்கித் தின்றேன். மறுநாள் உடம்பெங்கும் தடிப்பு. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே பல் துலக்கினேன்.

தெருமுனை ஹோமியோபதி டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். அவளுக்கு வங்காளி வராது. தெருவில் விளையாடிக் கற்றுக்கொண்ட நான்தான் எங்கு போனாலும் அவளுக்கு வாய். டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கிச்சு நா. ஆம்பாத்."

ஒன்றுமில்லை என்றது புரிந்தது. ஆம் என்றால் மாங்காய், பாத் என்றால் சோறு. இதில் என்ன சந்தேகம்?

"மாங்காய் சாதத்தாலதான் வந்துதாம்மா."

"ரெண்டு வாய்தானேடி தின்னே?"

"டாக்டரே சொல்றார்!"

அம்மா டாக்டரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே வெள்ளை உருண்டைகளைப் பொட்டலம் கட்டினார்.

"இனிமே அந்தச் சனியன் நம்ம வீட்டுக்குள்ளயே வேண்டாம்" என்றாள் வழியில்.

அகராதி வேறு சொல்கிறது. ஆமம் என்பது செரியாத உணவு. பாத் என்பது வாதம். மாங்காயும் இல்லை, சோறும் இல்லை. வங்காளியில் சோற்றுக்கும் வாதத்துக்கும் எழுத்தே வேறு. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று வீட்டில் மிச்சமிருந்த மாங்காய்களைத் தட்டில் வைத்து, பக்கத்து வீட்டுக் காகிமாவிடம் கொடுத்துவரச் சொன்னாள் அம்மா. சொறிந்துகொண்டே போய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில், மாங்காய் இருந்த வெறும் பையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். அதன்பிறகு கஞ்சிதான் குடித்தாள். அதுவும் தங்கவில்லை.

தம்பி பிறந்தது அந்தக் கார்த்திகையில். எட்டு வயதில் எனக்கு மாதங்களைப் பின்னோக்கி எண்ணத் தெரியாது. அந்தப் பையில் முகத்தைப் புதைத்து, என் உடம்புக்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அரிப்பு போயிடுச்சும்மா" என்று பொய் சொன்னேன்.