காயத்தின் படம் இணைக்கவும்

போனை எடுப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார் ஃபாரம் அக்கா. காப்பீட்டு அலுவலகத்தோடு பேசுவதென்றால் அவருக்கு வெறுங்கால்தான் சரி. "கால்ல இருந்தா கைக்கு வந்துடுமோன்னு பயமா இருக்கு" என்பார்.

மனநல அவசரப் பிரிவின் வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் அவர் இடம். காப்பீட்டுப் படிவம் நிரப்புவது வேலை, அதனால் அந்தப் பெயர். ஒரு மூக்குக் கண்ணாடி கண்ணில், இன்னொன்று தலையில். மேசையில் ஒரு படிவக் கட்டு எப்போதும் கோணலாகக் கிடக்கும். யாராவது அடுக்கிவைத்தால் திட்டுவார். ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

மனசு உடைந்து வருகிறவர்களுக்கும் அரசுக் காப்பீடு உண்டென்று அறிவித்துவிட்டார்கள். நல்ல காரியம். படிவத்தை மாற்றத்தான் மறந்துபோனார்கள். எலும்பு முறிவுக்கும் தீக்காயத்துக்கும் போட்ட அதே படிவம். 'பாதிக்கப்பட்ட உறுப்பு' என்று ஒரு கட்டம், 'காயத்தின் படம் இணைக்கவும்' என்று இன்னொன்று. படம் ஏற்றாவிட்டால் கணினி நகராது. சண்டி மாடு தோற்றது.

முதல் மாதம் அக்கா எல்லோருடைய தலையையும் படம் பிடித்து அனுப்பினாராம். 'காயம் தெரியவில்லை' என்று அத்தனையும் திரும்பி வந்தன. அப்புறம்தான் கவனித்தார்: அலறியடித்துக்கொண்டு வருகிறவர்கள் காலில் செருப்பு சரியாக இருப்பதில்லை. ஒன்று ரப்பர், ஒன்று தோல். அல்லது இரண்டுமே இடது கால். அன்றிலிருந்து காலைப் படமெடுத்து, 'வந்த நிலை' என்று கீழே எழுதி அனுப்புகிறார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக டாக்டர் கேலி செய்தார். ஒப்புதல் வர ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மாதாமாதம் சிகிச்சைக்கு நான் அழைத்துவரும் என் மைத்துனனோடு காத்திருந்த ஒரு காலையில் ஒருவரை அவர் தங்கை அழைத்துவந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்க்கலாம்போல் ஷூ. பதினோரு நாளாகத் தூக்கமில்லை, தனியாக இருந்தால் தன்னையே நம்ப முடியவில்லை என்று வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார். விடிவதற்குள் வீட்டிலிருந்த எல்லா ஷூவுக்கும், மாடிவீட்டுக்காரருடையதுக்கும் சேர்த்து, பாலிஷ் போட்டு முடித்திருந்தாராம்.

உடனே சேர்க்க வேண்டுமென்றார் டாக்டர். ஒப்புதல் வராமல் படுக்கை கிடையாது. ஷூக்காரரோ, எல்லோருக்கும் எதற்குச் சிரமம், வீட்டுக்கே போகிறேன் என்று மூன்றாம் தடவை எழுந்துவிட்டார். போனால் திரும்பி வர மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சார், போறதுக்கு முன்னாடி இந்தக் கட்டை மட்டும் அடுக்கிக் குடுத்துடுங்க. கோணலா இருக்கு, பாக்கவே முடியல" என்றார் ஃபாரம் அக்கா. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக ஓரம் சேர்க்க ஆரம்பித்தார்.

இப்போது படம். அந்த ஷூவை அனுப்பினால் பரிசு வேண்டுமானால் தருவார்கள், ஒப்புதல் தர மாட்டார்கள். ஃபாரம் அக்காவுக்கு விழி பிதுங்கியது. பிறகு பார்வை கொஞ்சம் நகர்ந்தது. தங்கையின் ஒரு காலில் பெண்கள் செருப்பு. மறு காலில் ஆண்கள் அளவில் ஒரு குளியலறைச் செருப்பு.

அதைப் படமெடுத்தார். 'பாதிக்கப்பட்ட உறுப்பு' கட்டத்தில் 'வீடு முழுக்க' என்று தட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார்.

இது யார் கால் என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். "தங்கச்சி காலுங்க. அவரு ஷூ பளபளன்னு இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். பதினோரு நாளு ஒருத்தரைக் கண்ணு மூடாம காவல் காத்துப் பாருங்க, உங்க கால்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது... சரிங்க. லைன்லயே இருக்கேன்."

படிவக் கட்டு பாதி அடுக்கியாகிவிட்டது. முக்கால். கடைசித் தாளை அவர் தட்டிச் சரிசெய்தபோது கணினித் திரையில் ஒப்புதல் பச்சையாக வந்தது. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

செவிலியர் அவரை உள்ளே அழைத்துப்போனார். தங்கை அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். கூசிப்போய் ஒரு காலை மற்றதன் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

ஃபாரம் அக்கா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேராக இருந்த கட்டை மறுபடி கோணலாக்கினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே, மேசைக்கு அடியில் கிடந்த தன் செருப்பு ஜோடியைக் கால்விரலால் மெல்லத் தங்கையின் பக்கம் தள்ளிவிட்டார்.