அந்தச் சீனத் தொடர் முடியக் கூடாது

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுவிற்சர்லாந்தின் ஓல்டன் புகையிரத நிலையத்துக்கு அருகே இருந்த ஒரு சீன உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, ஐம்பது தாண்டிய வயதில் அகதியாக வந்தவனுக்கு அதுதான் கிடைத்தது. வேலையில் எனக்குக் குறை இல்லை. குறையெல்லாம் அந்த உணவகத்தின் கூரையில் இருந்தது.

அங்கே ஒரு பெரிய டிஷ் அன்ரனா. முதலாளி ஹொங்கொங்காரர். அவருடைய ஊரில் பெயர் பெற்ற கன்டனீஸ் தொலைக்காட்சி, ஐரோப்பாவில் இருக்கும் தன் மக்களுக்காகச் செய்மதி வழியாகவும் ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது. செய்தி, சமையல், பாட்டு, தொடர் நாடகம் எல்லாம் அவர்கள் மொழியில். நான் வேலைக்கு நடந்து வரும் வழியில் பால்கனிகளில் தெரியும் டிஷ்களை எண்ணுவேன். துருக்கியருக்கு ஐந்து, இத்தாலியருக்கு எட்டு. தமிழருக்கு ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு இருந்தது இரைச்சலோடு வரும் சிற்றலை வானொலியும், பிரதியின் பிரதியாகக் கோடு கோடாய் ஓடும் வாடகை வீடியோ கசற்றும்தான். எனக்குத் தெரிந்து ஓல்டனில் சீனர்கள் பதினொரு பேர். நாங்கள் அதைப்போலப் பல மடங்கு. பதினொரு பேரைத் தேடி வானத்திலிருந்து ஒரு மொழி வருகிறதே, எங்களைத் தேடி ஏன் வரவில்லை என்று எனக்கு வயிறு எரியும்.

அந்த வருடம்தான் என் மனைவி வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. நான் வேலைக்குப் போனால் அவள் யன்னலோடு இருந்து பனியைப் பார்ப்பாள். நாளாக நாளாகக் கதைப்பதே குறைந்துவிட்டது. ஒரு காலை, கட்டிலுக்குக் கீழிருந்த பயணப் பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள்.

"பனி முடியட்டும். நான் ஊருக்குத் தங்கச்சியிட்டைப் போறன்."

"அங்கை சண்டையெல்லே நடக்குது? போனால் திரும்பி வர விசாவும் தரமாட்டாங்கள்."

"இஞ்சை சுவரோடை கதைக்கிறதுக்கு அங்கை சண்டைக்குள்ளை இருக்கலாம்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. எனக்கு நித்திரை போய்விட்டது.

இங்கே உணவகங்களில் மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையே பிற்பகல் ஓய்வு உண்டு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்த நேரத்தில் முதலாளியின் மாமியார் வட்ட மேசையில் இருந்து, மெல்லிய மாத்தாளில் இறால் வைத்து வொன்ரன் மடிப்பார். அவருக்குக் கன்டனீஸ் தவிர ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் இரவு முதலாளி வீடியோவில் பதிந்த தொடர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் முதலாளி, "உன் மனைவி வந்து உதவுவாளா?" என்று கேட்டார். வீட்டில் கிடந்து வாடுகிறாளே என்று கூட்டிப்போனேன்.

மோதகம் பிடித்துப் பழகிய கை. முதல் வொன்ரனும் மோதகம் போலவே வந்தது. மாமியார் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். சுவிசுக்கு வந்தபின் அவள் பல் தெரியச் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். இத்தனை மாதமாக நான் சொன்ன பகிடிகளுக்கு அசையாத முகம் அது.

பிறகு அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். தொடரில் பதினேழு பாத்திரங்கள். அத்தனை பேருக்கும் அவள் தமிழ்ப் பெயர் வைத்துவிட்டாள். சிறுவயதில் தாயைத் தொலைத்த ஒரு பெண் அவளைத் தேடும் கதை. மாமியார் கன்டனீஸில் ஏதோ ஏசுவார். இவள் தமிழில், "ஓம் அக்கா, அவள் சரியான கள்ளி!" என்பாள். மொழி தெரியாமலே இரண்டு பேரும் ஒரே ஆளைத் திட்டினார்கள். நான் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீரோடு அநாதையாக இருந்தேன். பொறுக்காமல் ஒருநாள் முதலாளியிடம் ஜெர்மனில் கதையைக் கேட்டறிந்து, வீட்டில் அவளைத் திருத்தினேன்.

"நீங்கள் திட்டுற அந்தக் கள்ளி சித்தி இல்லை, தமக்கை. நீ பிழையாய் விளங்கி வைச்சிருக்கிறாய்."

"உங்களை ஆர் இப்ப கேட்டது? பாக்கிறது நாங்கள்."

நாங்கள் என்றாள். அதில் நான் இல்லை.

பனி கரைந்தது. பெட்டி அதே இடத்தில் இருந்தது. பயத்தை மறைத்துக்கொண்டு, "ரிக்கற் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டை தாயைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு யோசிப்பம்."

அன்றிலிருந்து என் நிலை மாறிவிட்டது. எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்து வயிறெரிந்தேனோ, அதன் தொடர் முடியக் கூடாது என்று கடவுளை வேண்டத் தொடங்கினேன். அந்தப் பெண் தாயின் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது.

ஒருநாள் கண்டுபிடித்தே விட்டாள். வட்ட மேசையில் இரண்டு பேரும் மாவுக் கையோடு கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்று மாலைக்கான வொன்ரன் பாதி மடிக்காமல் கிடந்தது. அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றேன்.

"ஓம், முடிஞ்சுது." மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு வேறை ஒண்டு தொடங்குதாம். பொலிஸ் கதையாம், அக்கா கையாலை துவக்குச் சுடுறமாதிரிக் காட்டினவ. பெட்டியை உள்ளை தள்ளிவிடுங்கோ, நடக்கேக்கை கால் தடக்குது."

சில வருடங்களில் எங்கள் மொழியிலும் செய்மதித் தொலைக்காட்சி வந்தது. முதல் ஆளாக டிஷ் வாங்கிப் பால்கனியில் பூட்டினேன். இனி இவள் எங்கே போவாள் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. ஒரு கிழமை பார்த்தாள். அடுத்த கிழமை, பிற்பகலானதும் குடையை எடுத்தாள்.

"தமிழிலை எல்லாம் இருக்கே, பிறகென்ன?" என்றேன்.

"இதிலை எல்லாம் விளங்குது. கூட இருந்து திட்ட ஆளில்லை. அக்கா பாத்துக்கொண்டிருப்பா."

இன்று என் வீட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ் அலைவரிசைகள். ஆனாலும் அவளை இந்த நாட்டில் எனக்காக நிறுத்திவைத்தது எனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழி என்று நினைக்கும்போது, நன்றிதான் முதலில் வருகிறது. அதன் பின்னாலேயே, இத்தனை வயதிலும் ஆறாமல், அந்தப் பழைய எரிச்சலும் கொஞ்சம் வருகிறது.