பதினாறு ஜோடிச் சப்பாத்து

எனக்குச் சத்தம் ஆகாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிற ஒருத்தி இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். என் கணவரே சிரிப்பார். மீன் விற்கிறவள் மீன் வாடை பிடிக்காது என்று சொல்வதைப் போல இருக்கிறது என்பார். அவருக்கென்ன, வங்கியில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து மெல்லப் பேசுகிற மனிதர்களோடு வேலை.

காலை ஆறு மணிக்கு ஈப்போவில், சிலிபின் பக்கத்து வீட்டிலிருந்து காரை எடுப்பேன். சுங்கை சிப்புட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழையும்போது ஆறே முக்கால் ஆகியிருக்கும். ரப்பர் தோட்டம் என்று பெயர்தான் இன்னும் இருக்கிறது, நிற்பதெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு வளைவு. அங்கே காரை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். யாரும் "டீச்சர்" என்று கூப்பிடாத பத்து நிமிடம். அது கிடைக்காத நாளில் என் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

விடுமுறையிலும் நான் தேடிப் போவது அப்படிப்பட்ட இடங்களைத்தான். சுங்காய்ப் பக்கம் வெந்நீர் ஊற்றுக்கு வேலை நாளாகப் பார்த்துப் போவேன், கூட்டம் இருக்காது. ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் எந்தக் குகையில் எந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே, நாலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை உள்ள பதினாறு பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை சுற்றுலா அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, இடத்தையும் நானே முடிவு செய்தேன். பிள்ளைகள் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று கெஞ்சினார்கள். முடியாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன். மலைக்குள் இருக்கும் ஒரு சீனக் குகைக் கோயில், காலை ஒன்பது மணி, அமைதியான இடம். அந்த அமைதி யாருக்கு என்று அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

பேருந்து கிளம்பும்போது ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டு. இரண்டு வருடமாக என் வகுப்பில் இருக்கிறாள். இருக்கிற இடம் தெரியாத பிள்ளை. கொடுத்த வேலையைச் செய்துவிட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். மனசுக்குள் அவளை நான் மெச்சிக்கொள்வதுண்டு, எல்லாரும் இவளைப் போல இருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்காது என்று.

"டீச்சர், அவளுக்குத் தண்ணியக் கண்டா போதும், எறங்கிருவா. நீச்சலும் தெரியாது. கொஞ்சம் பாத்துக்குங்க லா" என்றார் அந்த அம்மா.

குகையில் என்ன தண்ணீர் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

இந்த இடத்தில் என் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் சப்பாத்தை வகுப்பு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தோட்டத்துச் செம்மண் அப்படி. மழை பெய்தால் கால்வைத்த இடமெல்லாம் சிவப்பாகிவிடும். மரத்தட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. நான் வாசலில் நின்று தட்டை ஒரு பார்வை பார்ப்பேன். எந்த இடம் காலியோ அந்தப் பிள்ளை வரவில்லை. கைப்பேசியில் வருகையைப் பதிவு செய்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவேன். எத்தனையோ வருடமாக இதில் ஒரு தடவைகூடத் தவறு நேர்ந்ததில்லை. புதிதாக வரும் ஆசிரியைகளுக்கும் இந்த வழியைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சீனர்கள் அந்தக் குகைக் கோயிலுக்குள் சப்பாத்தோடுதான் நடமாடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வராது. சாமி இருக்கிற இடம் என்றால் யார் சாமியாக இருந்தாலும் கால் தானாகச் சப்பாத்தைக் கழற்றிவிடும். பதினாறு பேரும் குகை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்தார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புப் பள்ளிச் சப்பாத்து. நானும் தடுக்கவில்லை. எனக்கு அது வசதியாகவும் போயிற்று.

துணைக்கு வந்த இளம் ஆசிரியையிடம் பிள்ளைகளைச் சுவர் ஓவியங்கள் பார்க்க அழைத்துப் போகச் சொன்னேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கையில் நான் உட்கார்ந்துகொண்டேன். குகைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. எங்கோ ஒரு சொட்டு நீர் விழுகிற சத்தம் மட்டும். வெகு நாளைக்குப் பிறகு மனசு லேசானது. கால் மணிக்கு ஒரு தடவை சப்பாத்துகளை எண்ணினேன். பதினாறு ஜோடி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், "எல்லாரும் பத்திரமா வந்து சேர்ந்துட்டோம், கோயில் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று தகவல் போட்டேன். மறுபடியும் எண்ணினேன். பதினாறு.

புறப்படுகிற நேரம் வந்தது. பிள்ளைகள் வந்து சப்பாத்து மாட்டிக்கொண்டு பேருந்தை நோக்கி ஓடினார்கள். கடைசியில் ஒரு ஜோடி அப்படியே கிடந்தது. உள்ளே யாரோ கழிப்பறைக்குப் போயிருக்கலாம் என்று இரண்டு நிமிடம் நின்றேன். இளம் ஆசிரியை வெளியே வந்தார். உள்ளே இனி யாரும் இல்லை என்றார். பேருந்துக்கு ஓடினேன்.

யார் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. பேருந்தில் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்த பிறகுதான், சன்னல் பக்கம் உட்காரும் அந்த ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இல்லை என்று தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பெண் சாதாரணமாகச் சொன்னாள், "அவ நாம வந்த ஒடனேயே பின்னால போயிட்டா டீச்சர்."

வந்தவுடனே என்றால் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரமும் நான் அவளுடைய சப்பாத்தைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

ஊதுவத்திச் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்த சீனக் கிழவரிடம் ஓடினேன். மலாயில் கேட்டேன். கையால் உயரத்தைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு துடைப்பத்தால் குகையின் உட்பக்கம் காட்டி, "பெலாக்காங், பெலாக்காங்" என்றார். பின்பக்கம். பத்து தடவைக்கு மேல் வந்திருக்கிறேன், அந்தக் குகைக்குப் பின்பக்கம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் வருவேன், அந்தக் கல் இருக்கையில் உட்காருவேன், போய்விடுவேன்.

பேருந்து ஓட்டுநர் அண்ணனும் என் பின்னால் ஓடி வந்தார். இளம் ஆசிரியையைப் பிள்ளைகளோடு பேருந்திலேயே இருக்கச் சொல்லிவிட்டோம். இருட்டில் படிகள் இறங்கின. முடிகிற இடத்தில் திடீரென்று கண் கூசும் வெளிச்சம். நான்கு பக்கமும் மலை, நடுவில் ஒரு குளம். இரண்டு பூப்பந்து மைதானம் அளவு இருக்கும். பச்சைத் தண்ணீர், அடி தெரியவில்லை. சுற்றிலும் கணுக்கால் உயரத்துக்கு ஒரு கல்வரம்பு. அந்த வரம்பின்மேல் ஓர் இளஞ்சிவப்புத் தண்ணீர்ப் புட்டி நின்றது. அவளுடைய பெயரை அதில் அவள் அம்மா வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

நான் அலறினேன் என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பணப்பையையும் சாவியையும் வரம்பில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். முதலில் முட்டி, பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. காலால் அடியைத் துழாவித் துழாவி நகர்ந்தார். "கூப்புடுங்க டீச்சர், நிறுத்தாதீங்க. கூப்புட்டுக்கிட்டே இருங்க" என்றார்.

நான் கூப்பிட்டேன். தொண்டை கிழிய அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மலைச்சுவரில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. குளத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு மூலையில் செருப்பு அறுந்தது, அப்படியே விட்டுவிட்டேன். கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. குழுவில் அந்த அம்மாவின் தகவல். தூங்காமல் காத்திருக்கிறேன், பிள்ளையின் போட்டோ ஒன்று அனுப்புங்கள் டீச்சர் என்று கேட்டிருந்தார்.  பொய் சொல்ல மாட்டேன், என் வேலை போய்விடுமே என்ற எண்ணமும் அந்த நேரத்தில் வந்தது. வந்ததற்காக என்மீதே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அண்ணன் குளத்தின் நடுவுக்குப் போயிருந்தார். தண்ணீர் அவருடைய தாடையைத் தொட்டது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே மூழ்கினார். நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எதிர்ப்பக்கப் பாறை இடுக்கிலிருந்து அவள் வெளியே வந்தாள். வெறுங்கால். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முகம் வெளுத்திருந்தது. அண்ணன் தண்ணீருக்குள் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவர் தலை மேலே வந்ததும், அவளைப் பார்த்ததும், அப்படியே தண்ணீரில் நின்றபடி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் அவளிடம் ஓடினேன். கட்டிப் பிடிப்பதற்காக ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் கிட்டே போனதும் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். பாறைக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"கேட்டுச்சா? பின்ன ஏன் வரல?"

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"நீங்க எப்பவும் என் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டீங்க டீச்சர். இன்னிக்குத்தான் கூப்பிட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடுவீங்களான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

ஓங்கிய கையை இறக்கினேன். இல்லை, அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வருடத்தை மனசில் புரட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க என் வாயில் வருகிற பெயர்கள் எல்லாம் சேட்டைக்காரர்களின் பெயர்கள். ஓடாதே, பேசாதே, உட்கார் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெயர். இவள் ஓடவில்லை, பேசவில்லை, சொல்வதற்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். வந்திருக்கிறாளா என்று பார்ப்பதற்கும் எனக்கு அவள் பெயர் தேவைப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால்தான் அழுதேன்.

திரும்பும்போது அண்ணன் இருக்கையில் ஒரு துண்டை விரித்து ஈரத்தோடு ஓட்டினார். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "வுடுங்க டீச்சர். புள்ள கெடச்சிருச்சு. யாருக்கிட்டயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சுங்கை சிப்புட் வரும்வரை நானும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் முன் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சன்னல் வழியே லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறைப்பதென்றால் அவளையும் சொல்லக்கூடாது என்று தடுக்க வேண்டும், அவளும் கேட்டு நடப்பாள். கேட்டு நடப்பாள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

பள்ளி வாசலில் அந்த அம்மா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. போட்டோ வரவில்லையே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். சப்பாத்தை எண்ணியது, குளம், தண்ணீர்ப் புட்டி, அண்ணன் இறங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

"கூப்பிட்டா ஓடியாந்துருவாளே டீச்சர். வீட்ல ஒரு தடவ கூப்பிட்டா போதும் லா. ஏன் வரல?"

ஏன் வரவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். குளத்தைப் பற்றிச் சொன்னதைவிட அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.