க்ளோரிபெல்லின் கட்டைவிரல்

புதன்கிழமை என்றால் அந்தக் கடற்கரை ஊரின் சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளின் அழுகை வாசல்வரை கேட்கும். இலோயிலோ நகரத்திலிருந்து ஜீப்னி வண்டியில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த ஊர். குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, தாய்மார்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது எல்லாம் க்ளோரிபெல்லின் வேலை. வயது நாற்பத்தாறு. பதினாறு வருடமாக ஊர்ச் சுகாதாரத் தொண்டர். அக்காவைக் கூப்பிடுவது போல ‘மானாங் க்ளோரி’ என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும். அவள் போட்ட சத்தத்துக்குப் பயந்து குடிப்பதை விட்டவர்கள்கூட அங்கே இரண்டு பேர் உண்டு.

அன்று ஒரு கர்ப்பிணியின் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தாள். ஐந்தாவது அழுத்தில் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கைவரை சுரீரென்று இழுத்தது. பந்து கையிலிருந்து நழுவித் தொங்கியது. மறுபடி பிடித்தாள். விரல் கேட்கவில்லை.

வாரம் ஒருநாள் மட்டும் வரும் டாக்டர் வில்லாசிஸ் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். சின்ன வயசுக்காரர்.

“கட்டைவிரல உள்ள மடக்குங்க, மானாங். மத்த விரலால மூடிக்கோங்க. இப்போ மணிக்கட்டக் கீழ சாய்ங்க.”

சாய்த்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

“தசைநார்மேல இருக்கிற உறை வீங்கியிருக்கு. ஒரே அசைவ நாள் முழுக்கச் செஞ்சா வரும். கையால அப்படி என்ன வேலை பாக்குறீங்க?”

பதில் அவளுக்குத் தெரியும். டாக்டரின் தலைக்குப் பின்னால் சுவரில் அது ஒட்டியே இருந்தது. ‘செல்போன் விளையாட்டு உடம்பைக் கெடுக்கும்’ என்று தலைப்பிட்டு, கண், கழுத்து, தூக்கம், விரல் என்று படம்போட்டுப் போன வருடம் அவளே எழுதி ஒட்டிய தாள். விரலுக்குச் சிவப்பு மையும் அவளே அடித்திருந்தாள்.

“துணி துவைக்கிறேன், டாக்டர்,” என்றாள்.

“பாவம் டாக்டர் இவ,” என்று மருத்துவச்சி டெல்ஃபா இடையில் புகுந்தாள். “வீட்டுல மெஷின் கிடையாது. எல்லாம் அடிகுழாயிலதான். போர்வைய இவ முறுக்கிப் பிழியுறதப் பாத்தா நமக்குக் கை வலிக்கும்.”

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் மணிக்கட்டில் பட்டை. துணி பிழியவே கூடாது.

துணி துவைத்தது பொய் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாகத் துவைத்த கைக்கு வராத வலி அது.

இரண்டு வருடத்துக்கு முன் ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போன மகள் சார்மேன்தான் அந்த விளையாட்டை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், கோட்டையை இடிக்க வேண்டும். மகளுக்கு விடுமுறை நாளில் இருவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவார்கள். “அம்மா, புதருக்குள்ள போய் ஒளி. ஐயோ, அங்க இல்ல!” என்று மகள் கத்த, இவள் சிரிக்க, ஊர்க்கதை எல்லாம் அதற்கு நடுவிலேயே பேசிக்கொள்வார்கள். ஆறு மாதத்தில் மகளுக்கு நேரமில்லாமல் போயிற்று. அவள் விட்டுவிட்டாள். அம்மா விடவில்லை.

விளையாட்டில் வில் வைத்திருக்கும் ஒரு பெண்தான் அவளுடைய ஆள். ‘கடல் ராணி’ என்று பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது வெற்றிலைக்கறை மாதிரி மருதாணிச் சாயம் பூசி நரையை மறைக்கிற நாற்பத்தாறு வயதுப் பெண் என்று சேர்ந்து ஆடும் எவனுக்கும் தெரியாது. கணவன் டெரியோ தன் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போனதும் உட்காருவாள். ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தால் நாலு ஆகும். நடுவில் எழுந்தால் அணி தோற்கும் என்பதால் சிறுநீரை அடக்கிக்கொள்வாள். அப்படி அடக்கியே ஒருமுறை எரிச்சல் கண்டு காய்ச்சல்வரை போனது. டெல்ஃபாவிடம் வெயில் சூடு என்றாள். கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. சமையல் புகை என்றாள். ஒருநாள் ஒரு ஆட்டம் தோற்ற கையோடு நிலையத்துக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தனக்கே இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாள். நூற்று அறுபத்தெட்டு. அதை மட்டும் பதிவேட்டில் எழுதவில்லை.

டாக்டர் கொடுத்த தாளை டெரியோ இரண்டு முறை படித்தான்.

“அப்போ நான் துவைக்கிறேன்,” என்றான்.

“நீயா? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சிரிச்சா எனக்கென்ன பல்லு கொட்டுமா?”

ஊர் சிரிக்கத்தான் செய்தது. மறுநாள் காலை அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு அடிகுழாய்க்குப் போனபோது, அங்கே குந்தியிருந்த பெண்கள் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் முறை வைத்தே கேலியும் செய்தார்கள்.

“மானோங் டெரியோ, அந்த உள்பாவாடைய அப்படியா அடிக்கிறது? அது என்ன மீனா?”

“மெதுவா அடிங்க, கிழிஞ்சா ராத்திரி சோறு கிடைக்காது.”

வண்டி நிறுத்தத்தில் கூட ஓட்டுகிறவர்கள் இன்னும் மோசம். பெண்டாட்டி பாவாடைக்கு அடியில் குடியிருக்கிறவன் என்று பெயர் வைத்து, அவன் வந்தால் ஹாரன் அடித்து வரவேற்றார்கள். அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். சோப்புக் கட்டி அரித்து அவன் விரல்களுக்கு நடுவே தோல் வெடித்தது. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வான். தடவிவிட்டு அதே கையால் அவள் மணிக்கட்டையும் நீவிவிடுவான்.

அந்த நேரம் க்ளோரிபெல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நாளைக்கு விட்டுவிட வேண்டும் என்று நினைப்பாள். மறுநாள் அவன் கூடையோடு தெருமுனை திரும்பியதும் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். துவைக்கிற வேலையும் இல்லாததால் விளையாட முன்பைவிட அதிக நேரம் கிடைத்தது. அதுதான் கொடுமை.

மூன்றாம் வாரம் நிலையத்தில் லோர்ஜேன் தன் குழந்தையோடு வந்தாள். இருபது வயது. கணவன் கப்பலில். குழந்தை போன மாதம் இருந்த அதே எடையில் நின்றது. லோர்ஜேன் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள்.

“பிள்ளை ஏன் தேறலைன்னு தெரியுதா?” என்றாள் க்ளோரிபெல், பட்டை கட்டிய கையை நீட்டி. காத்திருந்த பதினைந்து தாய்மாரும் திரும்பினார்கள். “காரணம் அதோ உன் கையிலேயே இருக்கு. போனப் பாக்குற கண்ணால கொஞ்சம் பிள்ளையப் பாரு.”

லோர்ஜேன் முகம் வெளுத்துவிட்டது. போனைப் பையில் போட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். கருவாடு கேட்டு வரும் செய்திகளுக்கு அவள் பதில் எழுதிக்கொண்டிருந்தாள் என்றும், அதை விற்றுத்தான் குழந்தைக்கு முட்டை வாங்குகிறாள் என்றும் டெல்ஃபா பிறகு சொன்னாள். க்ளோரிபெல் எடை எந்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

ஆறு வாரம் முடிந்தும் வீக்கம் வடியவில்லை. டாக்டரைப் பார்க்க டெரியோவும் கூடவே வந்தான்.

“துணி துவைக்கிறாங்களா?” என்று டாக்டர் அவனிடம் கேட்டார்.

“ஒரு கைக்குட்டையத் தொட விடல டாக்டர். சத்தியமா.” திருடன் என்று சந்தேகிக்கப்பட்டவன் மாதிரி அவசரமாகச் சொன்னான்.

டாக்டர் யோசித்தார். ஓய்வு கொடுத்தும் ஆறவில்லை என்றால் முடக்குவாதமாக இருக்கலாம், நகரத்துக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதினார். வாதம் டெரியோவுக்குத் தெரிந்த சொல். அவன் அம்மா வாதத்தில்தான் முடங்கினாள். விரல்கள் பறவைக்கால் மாதிரி சுருண்டு, கடைசி ஏழு வருடம் அவளுக்குச் சோறு ஊட்டியவன் அவன்.

வீடு வரும்வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினான். இறங்கும்போது, “பயப்படாத இன்டாய். நான் இருக்கேன்,” என்றான். அவளைக் கொஞ்சும்போது மட்டும் கூப்பிடும் பெயர் அது. அவளுக்கு அப்போதே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இரத்தம் கொடுக்கப் போவதற்கு முந்தின நாள். மத்தியானம் டெரியோ சவாரிக்குக் கிளம்பும்போது வானம் கறுத்திருந்தது.

“மழை வந்தா பக்கத்து வீட்டுல ஒரு குரல் குடு, கொடியில இருக்கிறத எடுத்துருவாங்க. நீ தொடாத. உன் வெள்ளைச் சீருடையும் காயுது.”

சரி என்றாள். வண்டிச் சத்தம் அடங்கியதும் ஆட்டத்தைத் தொடங்கினாள். தகரக் கூரையில் முதல் துளி விழுந்தபோது அவள் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தாள். இப்போது விட்டால் நாலு பேரும் திட்டுவார்கள். இரண்டு நிமிடம் என்று நினைத்தாள். தூறல்தானே என்று நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை. காற்றில் கொடி அறுந்தது அவளுக்குக் கேட்டது. தலை நிமிரவில்லை.

ஆட்டம் முடிந்து வெளியே ஓடினால் கொடி இல்லை, துணி இல்லை, கூடையும் இல்லை. சேற்றில் துணி விழுந்து கிடந்த தடமும் அதைச் சுற்றி ஒரு ஆணின் செருப்புத் தடமும்தான் இருந்தன. வீட்டின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். திறந்தே இருந்தது. ஜன்னலுக்கு நேரே மேசை. மேசைமேல் கழற்றி வைத்த பட்டை.

தெருமுனைவரை போய்ப் பார்த்தாள். கொட்டும் மழையில் அடிகுழாயடியில் அவன் ஒருவன்தான் குந்தியிருந்தான். முதுகு இந்தப் பக்கம். அவளுடைய வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கிட்டே போக அவளுக்குக் கால் வரவில்லை. திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

சாயங்காலம் சோறும் பாசிப்பயற்றுச் சாறும் வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தான். பாதி சாப்பிட்டபின் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஜெயிச்சியா?”

“தோத்துட்டோம்,” என்றாள்.

“எத்தன நாளா?”

“ரெண்டு வருஷம்.”

“கை?”

“அதுலதான் வந்துச்சு. துணியால இல்ல.”

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வெடித்த இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. கத்தப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

“அப்போ எங்கம்மாவுக்கு வந்தது இல்ல,” என்றான். “அது இல்ல. அது இல்லல்ல?”

“இல்ல.”

“மரியே, தாயே,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவனுடைய நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டே அழுதாள்.

கோபம் மறுநாள் காலையில் வந்தது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று துணியை வீசினான்.

“குழாயடியில என்னென்ன சொன்னாங்க தெரியுமா உனக்கு? எல்லாத்துக்கும் சிரிச்சேன். உனக்காகன்னு நெனச்சுச் சிரிச்சேன். நீ உள்ள உக்காந்து அம்பு விட்டுக்கிட்டு இருந்திருக்க.”

அவன் வீசிய துணியை அவள் குனிந்து எடுத்தாள். நாலு நாள் அவன் தேவைக்கு மேல் பேசவில்லை. அவள் விளையாட்டைப் போனிலிருந்து அழித்தாள். மூன்றாம் நாள் மறுபடி ஏற்றினாள். ஒரு ஆட்டம் தொடங்கி, முடியுமுன்பே அழித்தாள்.

புதன்கிழமை டாக்டரிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னாள். டெல்ஃபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“இந்தப் பரிசோதனைக்கு எத்தன பேர் காத்திருக்காங்க தெரியுமா, மானாங்? நீங்களே இப்படிப் பொய் சொன்னா மத்தவங்கள நான் எப்படி நம்புறது?” என்றார். பிறகு ஊசிக்கு எழுதினார். ஆறு வாரம் போனையும் சேர்த்துத் தொடக்கூடாது என்றார்.

அங்கிருந்து நேராக லோர்ஜேன் வீட்டுக்குப் போனாள். கருவாட்டைக் கட்டு கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. க்ளோரிபெல் நின்றபடியே, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, எனக்கே அந்தப் பழக்கம் இருந்தது என்று தணிந்த குரலில் சொன்னாள்.

லோர்ஜேன் ஒரு கட்டைக் கட்டி முடித்தாள்.

“அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொன்னீங்க, மானாங். இன்னைக்கு என் வீட்டுக்குள்ள வந்து மெதுவாச் சொல்றீங்க.”

க்ளோரிபெல்லுக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பெண் சொன்னதில் தப்பே இல்லை என்று வீடுவரை நடந்த வழியெல்லாம் தெரிந்தது.

அடுத்த புதன்கிழமை லோர்ஜேனும் வந்திருந்தாள். எடை பார்க்குமுன் க்ளோரிபெல் சுவரோரம் போய் நின்றாள். கையில் புதுப் பட்டை. காத்திருந்த தாய்மாரிடம், கை எதனால் வீங்கியது, டெரியோ எதற்காகத் துவைத்தான், லோர்ஜேனை எந்த யோக்கியதையில் ஏசினாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். எரிச்சல் காய்ச்சலையும் நூற்று அறுபத்தெட்டையும்கூடச் சொன்னாள். முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒருத்தி சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

“மானாங்,” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “ஆட்டத்துல எந்தப் படி வரைக்கும் ஏறுனீங்க?”

“கடைசிப் படிக்கு ஒண்ணு கீழ,” என்றாள் க்ளோரிபெல் சட்டென்று.

சொன்ன பிறகுதான் அந்தக் குரலில் இருந்த பெருமை அவளுக்கே கேட்டது. லோர்ஜேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சூடு ஏற, க்ளோரிபெல் குனிந்து பதிவேட்டைத் திறந்து, முதல் பெயரைக் கூப்பிட்டாள்.