அலையாத்திக்குள் பாடிய போன்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். இந்தப் பக்கத்தில் குழம்பு, கோயில் திருவிழா, பஸ் நெரிசல் என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். இதற்கு மட்டும் கை வரவில்லை.

போன வாரம் தம்பி மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டாள்.

"அத்தை, எங்கப்பா பேயா? புன்னைக்காயல் அலையாத்திக் காட்டுக்குள்ள இப்பவும் பாட்டுப் படிக்காவளாம். பஸ்ல சொல்லுதாவ..."

இனி எப்படிச் சும்மா இருப்பது?

என் தம்பி சேவியர் கொஞ்ச காலம் கப்பலில் வேலை பார்த்தவன். அங்கே ஓர் அமெரிக்கப் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த நாட்டின் தெற்கே, சதுப்பு நிலத்தில் பிறந்தவன் தன் மண்ணைப் பற்றிப் பாடுவதாம். கரகரத்த குரல். சேற்றில் கால் புதைய நடப்பதுபோல் கிடார். கப்பலை விட்டு, ஊரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போன பிறகும் அதுதான் அவன் ரிங்டோன்.

"தவளைக்குத் தொண்ட கட்டுன மாரி இருக்கு" என்பாள் அவன் மனைவி செல்வி.

"ஏளா, அது நம்ம முகத்துவாரந்தான். பேருதான் வேற" என்பான்.

அந்த முகத்துவாரத்தில்தான் அவன் வள்ளம் மணல் திட்டில் தட்டிக் கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரையேறினார். இவன் வரவில்லை. ஊரில் ஒரு வள்ளம்கூடத் தொழிலுக்குப் போகவில்லை — எல்லாம் தேடப் போயின. ராத்திரி முழுக்க நாங்கள் கரையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் செல்வி அவன் நம்பரைப் போட்டாள்.

"மதினி... ரிங்கு போகுது!"

போனைப் பாலிதீன் பையில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொள்வது எங்கள் ஆட்கள் வழக்கம். அந்த நேரத்தில் அது யாருக்கு நினைவு வந்தது? ரிங் போனால் ஆள் இருக்கிறான்... அவ்வளவுதான். செல்வி விடாமல் போட்டாள். அலையாத்திக்குள் பாட்டுக் கேட்டதும் தேடியவர்கள் கத்தினார்கள்.

"ஏலே சேவியரு! இந்தா வாரோம்ல!"

கரையில் நாங்கள் மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதோம்.

பாட்டு நின்றது. போனை யாரோ எடுத்தார்கள். செல்வி காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இனி போடாத, தாயி" என்றது பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் குரல்.

வேருக்குள் சிக்கிக் கிடந்தானாம். கழுத்தில் போன்.

மாதா ஏமாற்றிவிட்டாளா? ரொம்ப நாள் கேட்டேன். கடல் கொண்டுபோகாமல் உடம்பையாவது கொடுத்தாளே, கல்லறையில் சிலுவை நட ஓர் இடம் கொடுத்தாளே என்றுதான் இப்போது முழங்காலிடுகிறேன்.

செத்தவன் மறுத்துப் பேச மாட்டான். கதை கட்ட அவனைவிட வசதியான ஆள் உண்டா?

அந்தப் பேய்க்கதை உங்கள் போனுக்கும் வந்தால், பதிலுக்கு இதை அனுப்புங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், ஒரு சொல் குறைக்க வேண்டாம்.

பாடியது போன். செத்தது என் தம்பி.