வேப்பிலை கட்டிய வீட்டுத் தீப்பெட்டி

இன்று காலை விஸ்வநத்தத்தில், பக்கத்து வீட்டு சுப்பக்கா வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அவர் மகள் பேச்சிக்கு ஆறு வயது. நெஞ்சிலும் முதுகிலும் பனித்துளி போலக் கொப்புளங்கள். சின்னம்மைதான்.

சொறியாமலிருக்க அவள் இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார் அக்கா. அரிக்கும்போதெல்லாம் வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்தார்.

அப்போது, வீடுகளுக்குப் பெட்டி ஒட்டக் கொடுக்கும் தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்ட் சைக்கிளில் வந்தார். வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுகொண்டார்.

"அம்மா இறங்கியிருக்கா, உள்ள வரமாட்டேன். ஆனா ஆர்டர் நிக்குது. சாயங்காலம் பெட்டிய ஒட்டி வாசல்ல வச்சிருங்க."

"வீட்டுக்குள்ள வரப் பயப்படுறீக, அந்த வீட்டுப் பெட்டிக்குப் பயமில்லையா?" என்றேன்.

"ஏலே படிச்சவனே, இன்னைக்கு வேண்டாம்னா அடுத்த வாரமும் லோடு கிடையாது. நீ சோறு போடுவியா?"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா பேச்சியின் கைத்துணியை அவிழ்த்தார். பசைக் கிண்ணத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

"அக்கா, சொறிஞ்சிருவா!"

"மாட்டா தம்பி. கையில வேலை இருந்தா அரிப்பு மறந்துபோகும். நேத்தும் இப்படித்தான் ஒட்டுனா."

சாயங்காலம் வரை பார்த்தேன். பேச்சி ஒரு கொப்புளத்தைக்கூடத் தொடவில்லை. தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டே இருந்தாள். ஏஜெண்ட் எட்டி நின்றே பெட்டிகளை வாரிக்கொண்டு போனார்.

 நாளைக்குத் தீக்குச்சி கிழித்து அடுப்பு மூட்டும்போது, அக்காவுக்கு என்ன பதில் சொல்வதென்று உங்களில் யாருக்காவது தோன்றினால், எனக்கும் சொல்லுங்கள்.