மயில்துத்தம் தின்ற டிரம்

மாதம்மாள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். மத்தூரிலிருந்து உத்தனப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷம். புருஷன் சின்னராஜ் ஓசூர் கம்பெனியில் வாட்ச்மேன். ஒரு ஏக்கர் தக்காளி முழுக்க அவள் பொறுப்பு.

இந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்து, இலைகளில் கருகல் விழுந்தது. வழக்கம்போல, செம்புச் சத்துள்ள மயில்துத்தத்தை முந்தின நாளே டிரம்மில் ஊறப்போட்டு, மறுநாள் சுண்ணாம்புக் கரைசலில் கலந்து, கத்தியை முக்கிப் பார்த்தாள். கத்தியில் சிவப்பாகச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அடித்தால் இலை வெந்துவிடும். கத்தி சுத்தமாக வந்தது. நம்பி அடித்தாள். இரண்டு தடவை அடித்தும் கருகல் நிற்கவில்லை. கிணற்றோரத்துக் கால் ஏக்கர்தான் மிச்சம்.

சின்னராஜ், துத்தம் வாங்கிய மருந்துக்கடை சௌந்தரராஜனிடம் போய், போலிச் சரக்கு விற்றதாக நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

“மிச்சத்தையும் புடுங்கிப் போடும்மே,” என்றார் அவளிடம்.

“புடுங்க மாட்டேன். இன்னொரு வாட்டி அடிப்பேன்.”

அதற்காக டிரம்மைக் கழுவக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருந்து ஊறப்போடும் பழைய பிளாஸ்டிக் டிரம் போன மாதம் உடைந்ததால், கம்பெனி கழித்துப் போட்ட இரும்பு டிரம் ஒன்றைச் சின்னராஜ் ஆசையாக வாங்கி வந்திருந்தார். அதன் உட்புறம் செக்கச்செவேலென்று இருந்தது. சுரண்டினாள், நகத்தில் செம்பு ஒட்டியது. இரும்பு தண்ணீரில் கரையக் கரைய, துத்தத்திலிருந்த செம்பெல்லாம் டிரம்மில் ஏறியிருக்கிறது. கத்தியில் படியவும் கருகலை நிறுத்தவும் மிச்சம் ஏது?

அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்தவளுக்கு, டிரம்மும் இரும்புதானே என்று தோன்றவில்லையே!

குளியலறை பிளாஸ்டிக் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“நான் குளிக்க வேணாமா?” என்றார் சின்னராஜ்.

“ரெண்டு நாளு குளிக்காதீங்க.”

மறுநாள் கலந்து முக்கியபோது கத்தி சிவந்து வந்தது. செம்பு மருந்திலேயே இருக்கிறது என்று அவள் மனம் குளிர்ந்துபோனது. சுத்தமாக வரும்வரை சுண்ணாம்பு சேர்த்தாள். மழை விட்ட இடைவெளியில் ஒரு இலை விடாமல் அடித்து முடித்தாள்.

கால் ஏக்கர் பிழைத்தது. முதல் பறிப்பில் ஒரு கூடையைச் சின்னராஜ் தலையில் ஏற்றி, மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள். கடையில் கூட்டம். அவர் வெளியிலேயே தயங்கினார்.

“உள்ள வாங்க,” என்றாள் மாதம்மாள். “நாலு பேரு முன்னாலதானே திட்டுனீங்க? மருந்து நல்ல மருந்து, நம்ம டிரம்முதான் தின்னுடுச்சின்னு அதே நாலு பேரு முன்னால சொல்லுங்க.”

சின்னராஜ் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.